டிவியில் நின்ன கதை காதில் ஓடுது: 'டாக்டர் ஹூ' செய்ததை 'மர்மதேசம்' செய்ய முடியாதா?

பிடிச்ச தொடர் ஒன்று திடீரென நின்றுபோனால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? பழைய எபிசோடுகளை யூடியூபில் தேடிப் பார்ப்பார்கள். 'இரண்டாம் பாகம் எப்போ?' என்று கமெண்ட் போடுவார்கள். அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது.

பிரிட்டனில் வேறு மாதிரி நடந்தது. 1963-ல் தொடங்கி 26 சீசன் ஓடிய 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரை பிபிசி 1989-ல் நிறுத்தியது. பத்து வருஷம் கழித்து அதே நடிகர்கள், அதே கதாபாத்திரங்கள், ஆனால் புத்தம்புதுக் கதைகள் வெளிவரத் தொடங்கின. வந்தது டிவியில் இல்லை, சிடியில். படமே கிடையாது, வெறும் ஒலி.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 'டாக்டர் ஹூ' தொடரில் பிபிசியுடன் இருந்த கூட்டணியை டிஸ்னி முடித்துக்கொண்டதாக 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. முழு சீசன் எதுவும் உடனே இல்லை, 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோடு மட்டும் என்று பிபிசி சொன்னது. டிவியில் மறுபடியும் இடைவெளி. காதில் மட்டும் இடைவெளியே இல்லை.

அதுக்கு ஒரு மாதம் முன்னாடி, 2025 செப்டம்பரில், 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் புகழ்பெற்ற வில்லன் கானின் கதையும் 'ஸ்டார் ட்ரெக்: கான்' என்ற ஒலிநாடகமாக வந்தது. கான் நூனியன் சிங் என்ற இந்தியப் பின்னணி கொண்ட அந்தப் பாத்திரத்தில் 1967-ல் டிவியில் நடித்தவர் மெக்சிகோ நடிகர் ரிக்கார்டோ மோன்டல்பான். இப்போது குரல் கொடுத்திருப்பவர், லண்டனில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்த நவீன் ஆண்ட்ரூஸ்.

சரி, இங்கிலாந்து, அமெரிக்கா சமாச்சாரம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நமக்கு எதுக்கு? எதுக்குன்னு பார்ப்போம்.

ஒலிநாடகம்னா ஆடியோ புக் தானே?

இல்லை. ஒலிப்புத்தகம் என்றால் ஒருவர் நாவலை வாசிப்பார், நாம் கேட்போம். பாட்காஸ்ட் பெரும்பாலும் உரையாடல். ஒலிநாடகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடிகர் இருப்பார். கதவு திறக்கும் சத்தம், மழை, காலடி ஓசை, பின்னணி இசை எல்லாம் இருக்கும். கேமரா மட்டும் இருக்காது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் வானொலி நாடகம். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் சினிமாவை ஒலியாகவே போட்ட 'ஒலிச்சித்திரம்' ஞாபகம் இருக்கிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனம் ஓடிய காலம் உண்டு. 1984-ல் வந்த 'விதி' படத்தின் கோர்ட் வசனத்தை கேசட்டில் கேட்டே மனப்பாடம் செய்த தலைமுறையும் உண்டு. படம் இல்லாமல் கதை கேட்பது தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்லை.

டிவியில் வந்த கதையை ஒலியில் திருப்பிச் சொல்வது ஒரு வகை. டிவி விட்ட இடத்திலிருந்து புதுக் கதையை ஒலியில் தொடர்வது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி.

இது எப்படி ஆரம்பிச்சது?

ரசிகர்களால்தான். 1980-களில் 'டாக்டர் ஹூ' மீது பைத்தியமாக இருந்த சில பிரிட்டிஷ் இளைஞர்கள் 'ஆடியோ விஷுவல்ஸ்' என்ற பெயரில் தாங்களே கதை எழுதி, தாங்களே நடித்து, கேசட்டில் பதிவு செய்து விநியோகித்தார்கள். அனுமதி எதுவும் கிடையாது, ஆர்வம் மட்டும்தான். அதில் டாக்டராகவே நடித்தவர் நிக்கோலஸ் பிரிக்ஸ்.

அடுத்து 1996-ல் 'பிக் ஃபினிஷ்' என்ற நிறுவனம் உருவானது. முதலிலேயே அவர்களுக்கு 'டாக்டர் ஹூ' உரிமை கிடைத்துவிடவில்லை. அதனால் ஒரு வேலை செய்தார்கள். 'டாக்டர் ஹூ' நாவல்களில் வரும் பெர்னிஸ் சம்மர்ஃபீல்டு என்ற துணைப் பாத்திரத்தின் கதைகளை மட்டும் வைத்து 1998-ல் ஒலிநாடகம் போட்டார்கள். 'இவங்களுக்கு வேலை தெரியும்' என்பது நிரூபணமானது. மறு வருஷமே பிபிசியின் உரிமம் கிடைத்தது.

1999 ஜூலையில் 'தி சைரன்ஸ் ஆஃப் டைம்' வெளியானது. டிவியில் டாக்டராக நடித்த பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரும் ஒரே கதையில் குரல் கொடுத்தார்கள். எழுதி இயக்கியவர் அதே நிக்கோலஸ் பிரிக்ஸ். அந்த மாதாந்திர வரிசை 2021 மார்ச் வரை ஓடி 275 வெளியீடுகளுடன் முடிந்தது. முடிந்தது அந்த வரிசைதான். வேறு வேறு வரிசைகளில் புதுக் கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

டிவியில் ஒரே ஒரு படம், காதில் 20 வருஷம்

இந்தக் கதையில் மிகச் சுவாரசியமான ஆள் பால் மெக்கேன். 1996-ல் ஒரே ஒரு டிவி படத்தில் அவர் எட்டாவது டாக்டராக நடித்தார். அந்தப் படத்தைத் தொடர்ந்து சீரியல் எதுவும் வரவில்லை. சாதாரணமாக இப்படி ஒரு நடிகரை 'ஒரு தடவை வந்துட்டுப் போனவர்' என்று வரலாறு மறந்துவிடும்.

2001-ல் அவர் ஒலிநாடகத்துக்கு வந்தார். அதன்பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அதே பாத்திரத்தில் குரலாக வாழ்ந்துவருகிறார். அவருக்கென்று தனித் தோழர்கள், தனி எதிரிகள் எல்லாம் ஒலியிலேயே உருவானார்கள். தொடரின் 50-வது ஆண்டான 2013-ல் பிபிசி அவரை வைத்து ஒரு குறும்படம் எடுத்தது. அதில் அவர் தன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்வார். அத்தனையும் ஒலிநாடகத்தில் மட்டும் வந்த பெயர்கள். அதாவது, 'காதில் கேட்ட கதையும் உண்மையாக நடந்த கதைதான்' என்று டிவியே ஒப்புக்கொண்ட தருணம் அது.

காலின் பேக்கருக்கும் இதே போலத்தான். டிவியில் அவருடைய காலம் சிக்கலானது. 1986-ல் அவரைப் பாத்திரத்திலிருந்து நீக்கினார்கள். ஆனால் ஒலியில் அவருக்கு நல்ல எழுத்தும் நேரமும் கிடைத்தன. 'இவர் இவ்வளவு நல்ல டாக்டரா?' என்று ரசிகர்கள் மறுபடி யோசித்தார்கள். ஒரு நடிகருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்தது மைக்ரோபோன்.

ஒலியிலிருந்து டிவிக்கும் போனதா?

போனது. இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

2003-ல் ராப் ஷியர்மன் எழுதிய 'ஜூபிலி' என்ற ஒலிநாடகத்தில், தனியாகச் சிறைபட்டுக் கிடக்கும் ஒரே ஒரு டாலெக் வரும். டாலெக் என்பது அந்தத் தொடரின் பிரதான எதிரியான இயந்திர உயிர். 2005-ல் தொடர் டிவிக்குத் திரும்பியபோது, அந்தக் கருவை வைத்து அதே ஷியர்மன் 'டாலெக்' என்ற எபிசோடை எழுதினார். அந்த டாலெக்குக்கு டிவியில் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அனுமதியில்லாமல் கேசட் போட்ட நிக்கோலஸ் பிரிக்ஸ்.

பின்னாளில் உலகமே கொண்டாடிய டாக்டராக வந்த டேவிட் டென்னன்ட், அதற்குப் பல வருஷம் முன்பே, 2001-ல், பிக் ஃபினிஷ் ஒலிநாடகம் ஒன்றில் ஒரு நாஜி அதிகாரிக்குக் குரல் கொடுத்திருக்கிறார்.

டிவி நின்றிருந்த காலத்தில் எழுத்தாளர்கள், நடிகர்கள், ரசிகர்கள் மூன்று தரப்பையும் சிதறவிடாமல் வைத்திருந்ததில் ஒலிநாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அடுப்பு முழுசா அணையாமல் கங்கு காத்த மாதிரி. 2005-ல் விறகு வந்ததும் தீ பிடித்துக்கொண்டது.

அறிவியல் புனைவுக்கு ஏன் ஒலி பொருந்துது?

காரணம் ரொம்ப எளிமை: காசு. செவ்வாய் கிரகத்தில் ஒரு நகரம், வானத்தில் ஆயிரம் விண்கலங்கள் என்று டிவியில் காட்ட செட், கிராபிக்ஸ், மாதக்கணக்கில் வேலை எல்லாம் வேண்டும். ஒலியில் ஒரு வசனம், ஒரு சத்தம் போதும். மீதியை நம்ம மண்டை வரைந்துகொள்ளும். அந்தக் கிராபிக்ஸ் பழசாகாது. 1980-களின் டிவி விண்கலத்தை இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். காதால் கேட்ட விண்கலத்தை யாரும் கிண்டல் செய்ய முடியாது.

இரண்டாவது காரணம், வயசு. நடிகருக்கு முடி நரைக்கலாம், உடம்பு தளரலாம், குரல் அவ்வளவு சீக்கிரம் மாறாது. 1974 முதல் 1981 வரை டிவியில் டாக்டராக இருந்த டாம் பேக்கர், 2012-ல் பிக் ஃபினிஷ் ஒலிநாடகத்துக்கு வந்தபோது 77 வயதைக் கடந்திருந்தார். கண்ணை மூடிக் கேட்டால் அதே ஆள்.

மூன்றாவது காரணம் எழுத்து முறை. கண்ணுக்குத் தெரியாத உலகத்தைக் கேட்பவருக்குப் புரியவைக்க, பக்கத்தில் ஒருவர் 'இது என்ன? அது யாரு?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'டாக்டர் ஹூ'வில் அந்த வேலையைச் செய்வது டாக்டரோடு பயணிக்கும் தோழி. நம்ம தெருக்கூத்தில் இதே வேலையைச் செய்வது கட்டியக்காரன். வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போதே, 'தாங்கள் யார், எந்த நாடு?' என்று கேட்டு வாங்கி ஜனங்களுக்குச் சொல்லிவிடுவான். முகம் தெரிவதற்கு முன்பே ஆள் யாரென்று குரல் சொல்லிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒலிநாடகத்தின் பாதி இலக்கணம் ஏற்கெனவே தெரியும்.

செஞ்சியில் எப்பவோ நடந்த 'அடுத்த சீசன்'

இன்னும் ஒரு படி மேலே போகலாம். முடிந்த கதையைத் தொடர்வது பிக் ஃபினிஷ் கண்டுபிடித்த வித்தை இல்லை. திண்டிவனத்திலிருந்து மேற்கே போனால் வரும் செஞ்சிப் பகுதியில் அது எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நடந்துவிட்டது.

மகாபாரதம் பாண்டவர்களின் கடைசிப் பயணத்தோடு முடிகிறது. ஆனால் செஞ்சி வட்டாரத்து மரபில் திரௌபதியின் கதை அங்கே முடியவில்லை. செஞ்சி அரசன் ஒருவனை அசுரனிடமிருந்து காப்பாற்ற அவள் மறுபடி தோன்றினாள் என்று சொல்கிறார்கள். அந்தப் புதுக் கதையில் மூல பாரதத்தில் இல்லாத ஒரு புதுப் பாத்திரமும் சேர்ந்தது. அவர்தான் போத்துராஜா. திரௌபதி அம்மன் கோயில்களில் கையில் வெட்டுண்ட தலையோடு காவல் நிற்பவர். இந்த வழிபாட்டின் மூல இடமாகச் சொல்லப்படுவது செஞ்சி அருகே உள்ள மேலச்சேரி. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இதை விரிவாக ஆராய்ந்து 1988-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது.

அந்தக் கதை மக்களிடம் எப்படிப் போகிறது? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நாள் கணக்கில் ஓடும், கடைசியில் படுகளம், தீமிதி. பிரசங்கம் முழுக்க முழுக்கக் காதுக்கான கலை. ஒரே ஒருவர், ஆனால் பத்துப் பேரின் குரலில் பேசுவார்.

பழைய கதை, தெரிந்த பாத்திரங்கள், நம்ம ஊருக்கு வந்த புது நிகழ்வு, புதுப் பாத்திரம். இதைத்தான் இன்று 'ஸ்பின் ஆஃப்' என்கிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: வியாசரிடம் யாரும் உரிமம் வாங்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய தொடர்களுக்கு வாங்கியாக வேண்டும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் இப்படித் தொடரத் தகுந்த தொடர்கள் இருக்கா?

இரண்டு பெயர்கள் உடனே நினைவுக்கு வரும்.

ஒன்று, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, தூர்தர்ஷனில் சீரியலாகவும் வந்தது. சர்வாதிகாரி ஜீவா, நிலா, பேசும் ரோபோ நாய் ஜீனோ. 'டாக்டர் ஹூ'விலும் 1977 முதல் கே-9 என்று ஒரு ரோபோ நாய் உண்டு. இரண்டுமே எஜமானர்களைவிட புத்திசாலி! ஜீனோ கதையை சுஜாதாவே 'மீண்டும் ஜீனோ' என்று புத்தகத்தில் தொடர்ந்தார். டிவியில் பார்த்தவர்களுக்கு ஜீனோ ஒரு பாத்திரம். ஒலியில் வந்தால் அது வெறும் குரல். ரோபோ நாய்க்கு அதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடைக்காது.

இரண்டாவது, 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, சில கதைகளை நாகா இயக்க, கே.பாலசந்தரின் நிறுவனத் தயாரிப்பில் 1990-களில் வந்த தொடர் வரிசை. 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை' என்று ஒவ்வொன்றும் தனிக் கதை. நேரடியான அறிவியல் புனைவு என்று சொல்ல முடியாது. ஆனால் 'இது சாமியா, சயின்ஸா?' என்ற கேள்விதான் அதன் உயிர். 'விடாது கருப்பு' வந்த நாட்களில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே சின்னப் பிள்ளைகள் போர்வைக்குள் போனார்கள். யோசித்துப் பாருங்கள், பயமுறுத்தியது படமா, சத்தமா?

ஒலிநாடகம் போடத் தெரிந்த ஆட்களும் நம்மிடம் இல்லாமல் இல்லை. பம்பாய் கண்ணன் பல குரல் கலைஞர்களை வைத்து 'பொன்னியின் செல்வன்' முழு நாவலையும் ஒலிநாடகமாக்கினார். இலங்கை வானொலியில் ஓடிய 'கோமாளிகளின் கும்மாளம்' மக்களுக்குப் பிடித்துப்போய், 1976-ல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவே வந்தது. ஒலியிலிருந்து படத்துக்குப் போன பாதையை ஈழத்துத் தமிழர்கள் அப்போதே போட்டுவிட்டார்கள்.

அப்போ ஏன் யாரும் செய்யல?

மூன்று முடிச்சுகள்.

முதல் முடிச்சு, உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. சுஜாதா 2008-ல் காலமானார். அவருடைய எழுத்துகளின் உரிமை 2068 இறுதி வரை வாரிசுகளிடம், அல்லது அவர்கள் கொடுத்தவர்களிடம் இருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். அவருடையது 2084 வரை. ஆனால் சீரியல் என்பது எழுத்து மட்டும் அல்ல. படமாக்கப்பட்ட தொடரின் உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கும், ஒளிபரப்பு ஒப்பந்தம் சேனலிடம் இருக்கலாம், தலைப்பு இசைக்கு இன்னொருவர். 1990-களில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 'ஆப் மூலம் ஒலிநாடகம்' என்ற வார்த்தையை யார் எழுதியிருப்பார்கள்?

2012-ல் சட்டத்தில் ஒரு முக்கியத் திருத்தம் வந்தது. ஒப்பந்தம் போடும் காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொல்லாதவரை, அந்த உரிமை போகாது என்பது அதன் சாரம். இனி எழுதும் எழுத்தாளர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது முடிச்சு, வியாபாரம். 2018-ல் தொடங்கிய குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் போன்ற ஆப்கள் தமிழிலும் கதை தருகின்றன. அங்கே ஓடுவது பெரும்பாலும் ஒருவர் குரலில் சொல்லப்படும், நூற்றுக்கணக்கான எபிசோடுகள் நீளும் கதைகள். தினம் ஒரு எபிசோடு, கடைசியில் ஒரு திருப்பம். பத்துப் பேர் நடித்து, ஒலி வடிவமைப்பு செய்து, நாலே எபிசோடில் முடியும் நாடகத்துக்கு அந்தக் கணக்கில் இடம் குறைவு. பிக் ஃபினிஷ் பிழைத்தது வேறு கணக்கில்: கூட்டம் சின்னது, ஆனால் கதையைக் காசு கொடுத்து வாங்கும் கூட்டம்.

மூன்றாவது முடிச்சு, காப்பகம். இதற்கும் 'டாக்டர் ஹூ'வில் ஒரு பாடம் இருக்கிறது. 1960-களின் எபிசோடுகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு வாய்ப்பு இல்லை என்று அன்று நினைத்தார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் போனது. ஆனால் ஒலி ஒன்றுகூடப் போகவில்லை. ஏன்? ஒளிபரப்பான அன்று வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் இருந்தார்கள். நிறுவனம் தொலைத்ததை வீட்டுப் பரண் காப்பாற்றியது.

நம்ம வானொலி நாடகங்கள், தூர்தர்ஷன் தொடர்கள் எத்தனை யார் வீட்டு கேசட்டில் கிடக்கின்றனவோ! பழைய டிரங்குப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு முறை திறந்து பார்க்கலாம். கேசட் நாடா ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் பிறகு மீட்பது கஷ்டம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடி தளத்தைத் தொடங்கியிருக்கிறது. பழைய நிகழ்ச்சிகளை மக்களிடம் கொண்டுசெல்ல இப்போது வழி இருக்கிறது.

நடிகர் இல்லாமல் போனால்? ஏஐ குரல் போதுமா?

இதுதான் இனி வரப்போகும் பெரிய சண்டை.

ஒரு நடிகர் இறந்துவிட்டால் அவருடைய பாத்திரத்தை எப்படித் தொடர்வது? பிக் ஃபினிஷ் எடுத்த வழி இது: இரண்டாவது டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டன் 1987-ல் இறந்தார். இப்போது அந்தக் குரலில் நடிப்பவர் அவருடைய மகன் மைக்கேல் ட்ரௌட்டன். சாரா ஜேன் பாத்திரத்தில் நடித்த எலிசபெத் ஸ்லாடன் 2011-ல் இறந்தார். அவர் மகள் சேடி மில்லர் அம்மாவின் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறார். கேட்கும்போது 'இது அவர் இல்லை' என்று தெரியும். ஆனால் ஒரு மனுஷன் அதை நடிக்கிறார் என்பதும் தெரியும்.

இப்போது இன்னொரு வழி வந்துவிட்டது. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்திடம் அனுமதி வாங்கி, அதற்கான ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு 'தி கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் ஒலித்தது. பலருக்கு நெகிழ்ச்சி, சிலருக்கு நெருடல். அதே 2024-ல் பாக்கெட் எஃப்எம், குரல் உருவாக்கும் ஏஐ நிறுவனமான லெவன்லாப்ஸுடன் கைகோர்த்தது.

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. பாடகர் அரிஜித் சிங் தொடர்ந்த வழக்கில் 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுமதியில்லாமல் ஒரு கலைஞரின் குரலை ஏஐ மூலம் நகல் எடுப்பது அவருடைய ஆளுமை உரிமையை மீறுவது என்று இடைக்காலத் தடை விதித்தது.

அரிஜித் சிங்குக்கு வழக்குப் போட வக்கீல் இருக்கிறார். ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிக் குரல் கொடுக்கும் சாதாரணக் கலைஞருக்கு? கூத்தில் விடிய விடியப் பாடுகிற ஒருவரின் குரலை யாரோ செல்போனில் பதிவு செய்து, ஒரு ஏஐ மாடலுக்குள் போட்டு, கதை சொல்ல வைத்தால்? நிகழ்த்துக் கலைஞருக்கான உரிமை சட்டத்தில் இருக்கிறது, 50 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் உரிமை இருக்கிறது என்பதே தெரியாதவரிடம் அது காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

ஒலிநாடகம் தமிழில் பெரிதாக வளர்ந்தால் அது நடிகர்களுக்கும் கூத்துக் கலைஞர்களுக்கும் வேலையாக வருமா, அல்லது அவர்கள் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுமா? இந்தத் துறையில் பார்க்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்.

விழுப்புரம் டு திண்டிவனம்: ஒரு சின்னக் கணக்கு

கேட்க யாருக்கு நேரம் இருக்கு என்று கேட்கலாம். இருக்கிறது. விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்கு ரயில் பாதை பிரிகிறது: சென்னை, கடலூர், விருத்தாசலம், புதுச்சேரி, காட்பாடி. விழுப்புரம் - திண்டிவனம் சுமார் 37 கிலோமீட்டர். பாசஞ்சர் ரயிலிலோ பஸ்ஸிலோ முக்கால் மணி நேரமாவது ஆகும். பழைய 'டாக்டர் ஹூ' எபிசோடு ஒன்று 25 நிமிடம். போகும்போது ஒன்றரை, வரும்போது ஒன்றரை. சென்னை வரை போகிறவர் என்றால் நாலு பாகக் கதையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

டேட்டாவும் அதிகம் போகாது. ஒரு மணி நேர ஒலியைச் சாதாரணத் தரத்தில் டவுன்லோடு செய்ய 30 எம்பிக்குள்தான் ஆகும். அதே ஒரு மணி நேர வீடியோ அதைப்போல பத்து மடங்காவது இழுக்கும். சிக்னல் விட்டுவிட்டு வரும் வழியிலும் கதை நிற்காது. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவர் திரையைப் பார்க்க முடியாது, கேட்க முடியும். கண் தெரியாதவர்களுக்கோ, இது மற்றவர்களோடு சமமாக அனுபவிக்கக்கூடிய நாடகம்.

என்ன நடந்தால் நல்லது?

பெரிய பட்ஜெட் தேவையில்லை. பிக் ஃபினிஷ் செய்த மாதிரி சின்னதாகத் தொடங்கலாம். முழுத் தொடரின் உரிமையைக் கேட்டு மோதாமல், எழுத்தாளர் குடும்பத்திடம் ஒரு பாத்திரம், ஒரு சிறுகதை என்று அனுமதி கேட்கலாம். ரசிகர்கள் செய்ய நினைத்தால், உரிமை உள்ள கதையைத் தொட்டு விற்காமல், சொந்தக் கதையில் கை பழகலாம். ஒலிப்பதிவு செய்ய ஒரு சத்தமில்லாத அறையும் நல்ல மைக்கும் போதும். நடிக்க ஆள் வேண்டுமா? விழுப்புரம் மாவட்டத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கவைக்கும் குரல்கள் இருக்கின்றன. ஆடி முடிந்து மேடை இல்லாத மாதங்களில் அவர்களுக்கு வேலையும் வேண்டும். ஒப்பந்தத்தில் 'இந்தக் குரலை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்க காசு ஆகாது.

அவசரம் ஏன் என்றால், நேரம் குறைவு. 1990-களில் நம்மைப் பயமுறுத்திய, சிரிக்கவைத்த குரல்கள் பலவும் இன்னும் நம்மோடு இருக்கின்றன. சேத்தன், தேவதர்ஷினி போன்ற 'மர்மதேசம்' முகங்கள் இன்றும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதியவர் போய்விட்டார். பால் மெக்கேனுக்குக் கிடைத்த அந்த இருபது வருஷம், யாரோ ஒருவர் சரியான நேரத்தில் போய்க் கேட்டதால் கிடைத்தது. இங்கே இன்னும் யாரும் கேட்கவில்லை.